குடியை நிறுத்த ஒரு கூட்டம்: டர்பன் தமிழர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

நான் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவன். கடைசியாகக் குடித்து 9 வருஷம் ஆகிறது. கூட்டங்களின் வழக்கப்படி என் பெயரை இங்கே போடவில்லை. கோயில் வாசலிலும் சாவு வீட்டிலும் வாட்ஸ்அப்பிலும் ஆட்கள் என்னைத் தனியாக ஒதுக்கி நிறுத்தி மெதுவான குரலில் கேட்ட கேள்விகள்தான் இவை. ஆங்கிலத்தில் இதற்கெல்லாம் விவரம் நிறைய கிடைக்கிறது. ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கும், மருமகளாக வந்த பெண்களுக்கும், தமிழில் படித்தால்தான் மனதில் இறங்கும் என்கிற நம் பெரியவர்களுக்கும் உதவட்டும் என்று தமிழில் எழுதுகிறேன்.

முதலில் யாருக்குப் போன் செய்வது?

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (பெயர் சொல்லாத குடிநோயாளிகள்), சுருக்கமாக ஏஏ. குடியை நிறுத்தியவர்களும் நிறுத்த விரும்புகிறவர்களும் கூடி ஒருவருக்கொருவர் கைகொடுக்கிற அமைப்பு. தென்னாப்பிரிக்கா முழுவதற்கும் ஒரே எண்: 0861 435 722. பெரும்பாலும் குடியை நிறுத்திய ஒருவர்தான் எடுப்பார். கதை முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை. "நான் மூர்ட்டனில் இருக்கிறேன், இந்த வாரம் பக்கத்தில் கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு?" என்று கேட்டால் போதும். அவர்களுடைய இணையதளத்திலும் ஊர்வாரியாகப் பட்டியல் உண்டு. ஆனால் இடமும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே போகும் நாளில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவன் மறுபடி வருவது அபூர்வம்.

பட்டியலில் 'திறந்த கூட்டம்', 'மூடிய கூட்டம்' என்று பிரித்திருப்பார்கள். திறந்த கூட்டத்துக்கு மனைவி, அண்ணன், நண்பர் யாரும் கூட வரலாம். மூடியது குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். முதல் தடவைக்குத் துணை வேண்டுமென்றால் திறந்த கூட்டமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் தவிர ஆலோசகரோ சிகிச்சையோ தேவைப்படுகிறவர்கள் சான்கா என்ற அமைப்பைத் தேடுங்கள். 1956 முதல் மது, போதைப் பிரச்சினைக்காகவே நடப்பது. டர்பனில் அவர்களுக்கு லுலாமா என்ற சிகிச்சை நிலையம் இருக்கிறது. நடுராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 0800 12 13 14. அது போதைப் பிரச்சினைகளுக்கான இலவச எண்.

நாளைக்கே குடியை முழுசாக நிறுத்திவிட்டு, சுத்தமான ஆளாகக் கூட்டத்துக்குப் போகலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

இதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். தினமும் நிறையக் குடிக்கிற உடம்பு திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். மூளை அத்தனை வருஷமும் சாராயத்தின் அழுத்தத்துக்கு எதிராகத் தன்னை முடுக்கிவிட்டே பழகியிருக்கும். அழுத்தம் சட்டென்று விலகினால் அந்த முடுக்கம் கட்டுக்கு அடங்காது. கடைசிக் கிளாஸுக்குப் பிறகு 6 மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி கலங்கும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், காய்ச்சலும் படபடப்பும் ஏறும்.

எனக்கு மூன்றாம் நாள் சுவரெல்லாம் எறும்பு ஊர்ந்தது. துடைப்பத்தால் அடித்துக்கொண்டிருந்த என்னை என் தம்பிதான் காரில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். அவன் அன்றைக்கு வீட்டில் இல்லாமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

ஆகவே காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நிற்கிறது என்கிறவர்கள், முன்னால் வலிப்பு வந்தவர்கள், முதலில் டாக்டரைப் பாருங்கள். சாட்ஸ்வொர்த்தில் ஆர்.கே.கான் ஆஸ்பத்திரி, ஃபீனிக்ஸில் மகாத்மா காந்தி நினைவு ஆஸ்பத்திரி. எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைத்துச் சொல்லாதீர்கள், மருந்தின் அளவே அதை வைத்துத்தான். நடுக்கத்துக்கு மாத்திரையும், மூளையைக் காப்பாற்ற வைட்டமின் பி1-உம் கொடுப்பார்கள். வலிப்போ புத்தித் தடுமாற்றமோ வந்துவிட்டால் ஆம்புலன்ஸுக்கு 10177, செல்போனிலிருந்து 112.

சுத்தமான ஆளாகத்தான் கூட்டத்துக்கு வர வேண்டும் என்ற விதியும் இல்லை. குடிப்பதை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம், அது ஒன்றுதான் ஏஏ கேட்கிற தகுதி. வாயில் வாடையோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்களை நான் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். பேச மட்டும் விடமாட்டார்கள், உட்கார்ந்து கேட்கச் சொல்வார்கள்.

புரட்டாசி முழுக்க நான் தொடுவதே இல்லை. அப்புறம் எப்படி நான் குடிநோயாளி?

நம் ஆட்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். நானும் இதையே சொல்லிக்கொண்டு பன்னிரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறேன். புரட்டாசியில் மாமிசமும் இல்லை, மதுவும் இல்லை. தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதமிருந்து காவடி எடுப்பேன். வீட்டில் எல்லோருக்கும் பெருமை. ஆனால் காவடி இறக்கிய அன்று சாயங்காலம், நெற்றியில் விபூதி காய்வதற்குள் கேன் என்கிற கரும்புச் சாராயப் பாட்டிலைத் திறந்திருப்பேன். விரதம் முடிகிற தேதியைத்தான் மனசு எண்ணிக்கொண்டிருந்தது. முருகனை நினைத்த நேரம் குறைவு. இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் இது உண்மை.

நிறுத்த முடிகிறதா என்று பார்த்தால் நானும் நிறுத்தினவன்தான். மறுபடி ஒரு கிளாஸ் எடுத்த பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். ரெண்டோடு நிறுத்துகிறேன் என்று உட்கார்ந்து எத்தனை தடவை ரெண்டோடு எழுந்தீர்கள்? காலையில் பாபலாஸை, அதாவது முந்தின ராத்திரி குடியின் தலைவலியை, போக்க மறுபடி குடித்திருக்கிறீர்களா? பாட்டிலை வீட்டில் ஒளித்து வைத்ததுண்டா? அதற்குமேல் கணக்காகத் தெரிய வேண்டுமென்றால் உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' என்ற 10 கேள்விப் பரிசோதனை இருக்கிறது. 40 மதிப்பெண்ணில் 8-ஓ அதற்கு மேலோ வந்தால் குடி தீங்கு செய்யும் அளவுக்குப் போய்விட்டது என்று பொருள். கிளினிக்கில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

கூட்டத்தில் யாரும் உங்களைப் பார்த்து 'நீ குடிநோயாளி' என்று முத்திரை குத்தமாட்டார்கள். அதை நீங்களேதான் சொல்ல வேண்டும், அல்லது சொல்லாமல் இருக்கலாம்.

தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால்?

சாட்ஸ்வொர்த்தில் ஒருவன் இருமினால் நாலு தெருவுக்குக் கேட்கும். இந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரியும். அதனாலேயே நான் முதல் கூட்டத்துக்கு நம் பக்கமே வேண்டாமென்று பைன்டவுன் வரை போனேன். உள்ளே நுழைந்ததும் டீ ஊற்றிக்கொண்டிருந்தவர் எங்கள் தெருக்கோடி வீட்டு அங்கிள்! திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது. அவர் கப்பை நீட்டி, "வா தம்பி, சர்க்கரை எத்தனை?" என்று மட்டும் கேட்டார். அவரும் அதே பயத்தில்தான் பல வருஷத்துக்கு முன் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் என்னைப் பார்க்கும்போது ஒரு வணக்கம், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அங்கே யாரைப் பார்த்தோம், யார் என்ன சொன்னார்கள் என்பதை வெளியே கொண்டு போகக் கூடாது. பெயரில்லாமை அந்த அமைப்பின் பெயரிலேயே இருக்கிறது. பதிவேடு இல்லை, அடையாள அட்டை கேட்பதில்லை. மனிதர்கள் கூடும் இடம், எப்போதாவது ஒருவர் வாய் தவறலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று யோசியுங்கள்: நீங்கள் குடிப்பது தெருவுக்கே ஏற்கெனவே தெரியும்.

முதல் நாள் உள்ளே என்ன நடக்கும்?

பள்ளிக்கூட அறையோ சர்ச் ஹாலோ, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு கெட்டில், பிஸ்கட். பத்துப் பேரும் இருக்கலாம், நாற்பது பேரும் இருக்கலாம். ஒருவர் நடத்துவார், அவர் பெரிய தலைவர் இல்லை, அந்த வாரத்து முறை அவருக்கு. தொடக்கத்தில் ஏதாவது வாசிப்பார்கள். "புதிதாக யாராவது வந்திருக்கிறீர்களா?" என்று கேட்பார்கள். கை தூக்கி முதல் பெயரை மட்டும் சொல்லலாம். பிறகு ஒவ்வொருவராகத் தன் கதையைப் பேசுவார்கள். பேசுகிறவரை யாரும் குறுக்கிடுவதில்லை, புத்தி சொல்வதும் இல்லை. இது நமக்குப் புதுசு. நம் வீட்டில் ஒருவன் வாய் திறந்தால் ஏழு பேர் அறிவுரை சொல்வார்கள். உங்கள் முறை வரும்போது "நான் இன்றைக்குக் கேட்க மட்டும் வந்தேன்" என்று சொன்னால் போதும். ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். குடிக்காமல் இருந்த நாட்களுக்கு வட்டமாக ஒரு வில்லை கொடுக்கிற வழக்கம் பல குழுக்களில் உண்டு. நான் கடைசியாக வாங்கிய முதல் நாள் வில்லை என் பர்ஸில் இப்போதும் இருக்கிறது.

முடிந்ததும் உடனே ஓடாதீர்கள். டீ ஆறுகிற அந்தப் பத்து நிமிஷத்தில்தான் யாராவது ஒருவர் தன் எண்ணை எழுதிக் கொடுப்பார். என் அனுபவத்தில், கூட்டத்தைவிட அந்தத் துண்டுச் சீட்டு என்னை அதிக நாள் காப்பாற்றியது. நாளடைவில், நிறுத்திப் பல வருஷமான ஒருவரை உங்களுக்கு வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். அவரை ஸ்பான்சர் என்பார்கள்.

எவ்வளவு செலவாகும்?

ஒரு ராண்டும் இல்லை. வாடகைக்கும் டீக்கும் ஒரு பை சுற்றி வரும். புதிதாக வந்தவர் போட வேண்டாம் என்றே சொல்வார்கள்.

சர்ச்சில் நடக்கிறதே, மதம் மாற்றுகிற வேலையா?

இல்லை. சர்ச் ஹால் வாடகைக்குச் சுலபமாகக் கிடைக்கிறது, அவ்வளவுதான். ஏஏ 1935-இல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் குடியால் அழிந்துகொண்டிருந்த இரண்டு பேர், ஒரு பங்கு வியாபாரியும் ஒரு டாக்டரும், சந்தித்துப் பேசியதில் பிறந்தது. அவர்கள் அப்போது ஒரு கிறிஸ்தவ இயக்கத்தோடு பழகியவர்கள், அதன் சாயல் ஏஏ பின்பற்றச் சொல்லும் 12 படிகளில் தெரியும். ஆனால் படிகளில் கடவுள் என்று வரும் இடத்தில் 'நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்' என்றே எழுதி வைத்தார்கள். நான் அங்கே முருகனை வைத்தேன். என் பக்கத்தில் உட்காரும் ஒருவருக்குச் சாமி நம்பிக்கையே இல்லை, அந்தக் குழுவையே தன்னைவிடப் பெரிய சக்தியாக நினைத்துக்கொள்கிறார். சில குழுக்கள் கடைசியில் கிறிஸ்தவ ஜெபம் சொல்கின்றன. எனக்குச் சங்கடமாக இருந்த நாட்களில் வாயை மூடிக்கொண்டு நின்றேன், யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

தமிழில் கூட்டம் கிடைக்குமா?

டர்பன் பக்கத்தில் பெரும்பாலும் ஆங்கிலம்தான். உடைந்த ஆங்கிலத்தில் பேசினாலும் யாரும் திருத்தமாட்டார்கள். தமிழில்தான் மனசு திறக்கும் என்றால் தமிழ்நாட்டுக் குழுக்களின் ஆன்லைன் கூட்டங்களைத் தேடுங்கள். 2020 மார்ச் 27 முதல் இங்கே ஊரடங்கும் மது விற்பனைத் தடையும் வந்தபோது நம் கூட்டங்களெல்லாம் ஜூமுக்கு மாறின, உலகம் முழுக்க அப்படித்தான். அந்தப் பழக்கம் பல குழுக்களில் அப்படியே நின்றுவிட்டது. நமக்கும் இந்தியாவுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், அங்கே ராத்திரி ஏழரை என்றால் இங்கே சாயங்காலம் 4 மணி. முடிந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டு வாசலில் வந்து நிற்கக்கூடியவர் உள்ளூர்க்காரர்தான்.

இது உண்மையிலேயே பலிக்குமா, இல்லை நம்பிக்கை மட்டும்தானா?

2020-இல் காக்ரன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஏஏ பக்கம் முறையாக வழிநடத்தப்பட்டவர்களில் ஒரு வருஷம் கழித்து முழுசாகக் குடிக்காமல் இருந்தவர்கள் 42 சதவீதம், வேறு சிகிச்சைகளில் 35 சதவீதம். அதாவது பலருக்குப் பலிக்கிறது, எல்லோருக்கும் இல்லை. ஒரு குழு ஒத்துவரவில்லையென்றால் வேறு குழுவுக்குப் போங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. படிகளே பிடிக்கவில்லையென்றால் ஸ்மார்ட் ரிகவரி என்ற வேறு முறை ஆன்லைனில் இருக்கிறது. ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகளும் உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரை எடுத்துக்கொண்டே கூட்டத்துக்கு வருவதில் தப்பே இல்லை. யாராவது தப்பு என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பெண்கள் போகலாமா?

தாராளமாக. நம் சமூகத்தில் ஆண் குடித்தால் தமாஷாகப் பேசுவோம், பெண் குடித்தால் கதவைச் சாத்திவிடுவோம். அதனால் அக்காமார்கள் சமையலறையிலேயே குடித்து, சமையலறையிலேயே உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். போன் செய்யும்போது பெண்களுக்கான கூட்டம் எங்கே என்று கேளுங்கள். வழிகாட்டியையும் பெண்ணாகவே தேர்ந்தெடுங்கள்.

என் வீட்டுக்காரர் வரமாட்டேன் என்கிறார். நான் என்ன செய்வது?

அக்கா, முதலில் நீங்கள் போங்கள். குடிக்கிறவரின் குடும்பத்துக்கென்றே அல்-அனான் என்ற கூட்டம் 1951 முதல் நடக்கிறது. எண் 0861 25 26 66. அவர் நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் நீங்கள் போகலாம். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன் என்று தனியாக உண்டு.

இனி நான் சொல்வது குடித்த பக்கத்திலிருந்து. என் அம்மா எனக்காக வேலைக்குப் போன் செய்து "பையனுக்குக் காய்ச்சல்" என்பார். கடனை அடைப்பார். வாந்தியைத் துடைத்துவிட்டு, நான் எழுந்திருக்கும்போது ஒன்றும் நடக்காதது போல ரசம் சாதம் வைப்பார். அவருக்குத் தெரிந்த பாசம் அது. அவர் அல்-அனான் போய்வந்த பிறகு ஒரு திங்கட்கிழமை போனை என் கையில் கொடுத்து, "நீயே சொல்லு" என்றார். நான் கத்தினேன். அந்தத் திங்கட்கிழமைக்கு மூன்று மாதம் கழித்துத்தான் நான் பைன்டவுன் போனேன்.

தினமும் குடிக்கிறவரின் பாட்டிலையெல்லாம் ஒரே நாளில் கொட்டிவிடாதீர்கள், மேலே சொன்ன வலிப்பு ஆபத்துதான் காரணம். போதையில் இருக்கும்போது வாதம் வேண்டாம், காலையில் பேசுங்கள். கை நீட்டுகிறார் என்றால் அவருடைய குடி குணமாகும்வரை காத்திருக்காதீர்கள். 0800 428 428 இலவச எண், எந்த நேரமும் பேசலாம். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம்.

கட்டாயப்படுத்திச் சிகிச்சைக்கு அனுப்பவும் சட்டம் உண்டு, 2008-ஆம் ஆண்டின் 70-ஆம் எண் சட்டம். சமூகப் பணியாளரோ நெருங்கியவரோ சத்தியவாக்குமூலம் கொடுத்தால் விஷயம் மாஜிஸ்திரேட் முன் போகும். கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். சமூக மேம்பாட்டுத் துறை அலுவலகத்தில் ஒரு சமூகப் பணியாளரைப் பார்த்துத் தொடங்குங்கள்.

வேலை போய்விடுமா?

கூட்டம் சாயங்காலத்தில் நடப்பதால் வேலையிடத்துக்குத் தெரிய வேண்டியதே இல்லை. தெரியவந்தாலும், குடிநோயை உடல்நலக் குறைபாடாகப் பார்த்து, ஆலோசனைக்கும் சிகிச்சைக்கும் வழி செய்ய யோசிக்கும்படி தொழிலாளர் சட்டம் முதலாளியிடம் சொல்கிறது. போதையோடு வேலைக்கு வருவது வேறு, அது ஒழுங்கு மீறல். மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள் குடிநோய்க்காக ஆண்டுக்கு 3 வாரம் வரை ஆஸ்பத்திரிச் சிகிச்சையைக் குறைந்தபட்ச உரிமையாகக் கேட்கலாம்.

கல்யாணம், துனி சீட்டாட்டம், சாவு வீடு... எப்படிச் சமாளிப்பது?

முதல் வருஷம் நான் பல கல்யாணங்களுக்குப் போகவில்லை. சித்தப்பா இரண்டு வருஷம் பேசவில்லை, இப்போது பேசுகிறார். ஹாலுக்குள் ஆபத்து இல்லை, கார் நிறுத்துமிடத்தில் டிக்கி திறந்திருக்கும் இடத்தில்தான் ஆபத்து. "வா அண்ணா, ஒரு டாப் மட்டும்" என்பார்கள். நான் தாலி கட்டுவதைப் பார்த்து, பிரியாணி சாப்பிட்டு, நேராக என் காருக்குப் போய்விடுவேன். சொந்தக் காரில் போவது முக்கியம், இன்னொருவர் காருக்காகக் காத்திருந்தால் டிக்கி பக்கம்தான் கால் போகும். "மாத்திரை சாப்பிடுகிறேன்" என்றால் யாரும் வற்புறுத்துவதில்லை.

துனி எனக்கு உயிர். குடிக்காமல் துனி ஆடலாம் என்று நம்பவே எனக்கு நான்கு வருஷம் ஆனது. இப்போது கூட்டத்து நண்பர்கள் நாலு பேர் சனிக்கிழமை ஆடுகிறோம், நடுவில் இஞ்சி டீ.

சாவு வீடுதான் எனக்கு இன்றும் கடினம். அப்பா போன அன்று கொல்லைப் பக்கம் பாட்டில் வந்தது. நான் ஸ்பான்சருக்குப் போன் செய்தேன். அவர் வந்து, ஒன்றும் பேசாமல், பதினாறாம் நாள் வரைக்கும் தினமும் சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

நிறுத்தி, மறுபடி குடித்துவிட்டேன். திரும்பிப் போக முகமில்லை.

நான் ஏழாம் மாதத்தில் விழுந்தேன். இரண்டு வாரம் குடித்தேன். முதலில் வாங்கிய வில்லையைக் குப்பையில் போட்டேன். திரும்பிப் போன அன்று ஹால் வாசலில் கால் மணி நேரம் நின்றேன். வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்தார், எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை, கதவை மட்டும் தள்ளிப் பிடித்தார். உள்ளே "புதிதாக யாராவது, அல்லது திரும்பி வந்தவர்கள்?" என்று கேட்டார்கள். கை தூக்கினேன். டீ மேசைக்குப் பக்கத்திலிருந்த எங்கள் தெருக்கோடி அங்கிள், எனக்கு இரண்டு சர்க்கரை என்பதை மறக்கவில்லை.